புகார் கொடுத்த மறுநாள் ஆபீஸில் என்ன நடக்கும்?

2021 பிப்ரவரி. செங்கல்பட்டு பக்கத்தில் பரனூர் டோல்கேட். பெண் எஸ்.பி ஒருவர் காரில் சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறார். அப்போதைய முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது, சட்டம் ஒழுங்கு சிறப்பு டி.ஜி.பி-யாக இருந்த ராஜேஷ் தாஸ் காருக்குள் வைத்துத் தன்னிடம் பாலியல்ரீதியாக அத்துமீறினார் என்பது அவருடைய புகார். அதை மேலிடத்தில் நேரில் கொடுக்கத்தான் இந்தப் பயணம்.

டோல்கேட்டில் போலீஸ் நிற்கிறது. கார் மறிக்கப்படுகிறது. சாவி பிடுங்கப்படுகிறது. யார் மேல் புகார் கொடுக்கக் கிளம்பினாரோ, அதே அதிகாரியிடம் போனில் பேசச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். மறித்தவர்களும் போலீஸ், மறிக்கப்பட்டவரும் போலீஸ். யூனிஃபார்ம், பதவி, அதிகாரம் எல்லாம் இருந்த ஒரு எஸ்.பி-க்கே இந்த நிலை.

பிறகு விஷயம் வெடித்தது. கூடுதல் தலைமைச் செயலாளர் ஜெயஸ்ரீ ரகுநந்தன் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் முன்னாள் சிறப்பு டி.ஜி.பி-க்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. 2024 பிப்ரவரியில் செஷன்ஸ் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு அதற்கு மேலும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. காரை மறித்ததற்காக, அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி-க்கும் தண்டனை கிடைத்தது. எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய் அபராதம்.

தப்பு செய்தவரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். #மீடூ வந்தபோது பேசினோம், ஒவ்வொரு முறை ட்ரெண்டிங் ஆகும்போதும் பேசுகிறோம். எனக்கு உறுத்துவது அந்த 500 ரூபாய் பகுதிதான். ஒரு ஆள் தப்பு செய்கிறார், சரி. அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் முழுக்க ஏன் அவர் பக்கம் நகர்கிறது?

'ரிட்டனா கொடுத்தா ஃபார்மலா ஆயிடும்மா...'

நம்ம ஆபீஸ்களில் யாரும் கார் சாவியைப் பிடுங்க மாட்டார்கள். காபி வாங்கிக் கொடுப்பார்கள்.

என் தோழி ஒருத்திக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். ஓ.எம்.ஆரில் வேலை. டீம் லீட் ராத்திரி 11.30-க்கு 'தூங்கிட்டியா?' என்று மெசேஜ் பண்ணுவார். முதலில் வேலை விஷயம், அப்புறம் டி.பி நல்லா இருக்கு, அப்புறம் 'வீட்ல யாரும் இல்லையா?'. மூன்று மாதம் சமாளித்தாள். ஒருநாள் டீம் அவுட்டிங் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கைபோட்டபோது, இனிமேல் முடியாது என்று ஹெச்.ஆரிடம் போனாள்.

ஹெச்.ஆர் மேடம் ரொம்ப நல்லவர். கேபினில் பேசவில்லை, கஃபேடீரியாவுக்குக் கூட்டிப் போனார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அவர் வேலையில ரொம்ப ஷார்ப்மா, க்ளையன்ட்டே அவரைத்தான் கேக்கிறாங்க. நான் வார்ன் பண்றேன். ரிட்டனா கொடுத்தா ஃபார்மலா ஆயிடும். ரெண்டு பேர் கரியருக்கும் நல்லதில்ல. யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்தாள். எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளை வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றினார்கள், 'உன் கம்ஃபர்ட்டுக்காக'. புது ப்ராஜெக்ட்டில் அவளுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. அந்த வருஷ அப்ரைசலில் ரேட்டிங் இறங்கியது. ரேட்டிங் போட்டவர்களில் பழைய டீம் லீடும் உண்டு. எட்டு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள். அவர் இப்போது மேனேஜர்.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் அவளை மிரட்டவில்லை. யாரும் 'நீ பொய் சொல்ற' என்று சொல்லவில்லை. எல்லாரும் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு அடியிலும் நகர்ந்தது அவள் மட்டும்தான்.

இன்னொன்று, டெக்னிக்கலாகப் பார்த்தால் அங்கே புகாரே வரவில்லை. அந்த வருஷம் அந்த கம்பெனியின் கணக்கில் பாலியல் புகார்கள்: பூஜ்யம்.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால், அந்த கஃபேடீரியா மேஜையில் நடந்ததில் பாதி விஷயம் சட்டத்துக்கு நேர் எதிரானது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பர் 9-லிருந்து அமலில் இருக்கிறது. 'போஷ்' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 10 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். சீனியர் பெண் ஊழியர் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். பெர்மனென்ட் ஸ்டாஃப் மட்டுமில்லை, கான்ட்ராக்ட் ஊழியர், இன்டர்ன், அப்ரன்டிஸ் எல்லாரும் புகார் கொடுக்கலாம். கம்பெனி கேப், க்ளையன்ட் ஆபீஸ், வேலைக்காகப் போகிற வெளியூர் எல்லாமே 'பணியிடம்'தான். ஆக, அந்த அவுட்டிங் பஸ்ஸையும் 'அது ஆபீஸுக்கு வெளியே நடந்தது' என்று சொல்லிக் கை கழுவ முடியாது.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் எழுத முடியாத நிலையில் அந்தப் பெண் இருந்தால், எழுத உதவி செய்வது குழுவின் கடமை. 'எழுதாம விட்டுடேன்' என்று ஆலோசனை சொல்வதற்கு அதில் இடமே கிடையாது.

சமாதானம்? அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. 'பேசி முடிச்சுக்கலாமே' என்று ஹெச்.ஆரோ, குழுவோ ஆரம்பித்து வைக்கக் கூடாது. பணம் கொடுத்து முடிக்கவும் கூடாது.

இடமாற்றம்? விசாரணை நடக்கும்போது இடைக்கால ஏற்பாடாக, அந்தப் பெண்ணை மாற்றலாம், அல்லது அந்த ஆளை மாற்றலாம். ரெண்டுமே சட்டத்தில் இருக்கிறது. அதுவும் அந்தப் பெண் எழுத்தில் கேட்டால்தான். அவருக்கு 3 மாதம் வரை கூடுதல் லீவ் கொடுக்கவும் பரிந்துரைக்கலாம். இதைவிட முக்கியமானது ஒன்று விதிகளில் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. புகாருக்கு ஆளானவர், புகார் கொடுத்தவரின் அப்ரைசலை எழுதக் கூடாது என்று குழு தடுக்கலாம், அந்த வேலையை வேறு அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லலாம். என் தோழிக்கு இது தெரிந்திருந்தால்? அவளுக்குத் தெரியாமல் போனதைவிட, ஹெச்.ஆர் மேடத்துக்குத் தெரிந்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

புகாரை விசாரித்து முடிக்க 90 நாள். அறிக்கை கைக்கு வந்து 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் இரண்டு மடங்கு, லைசென்ஸே ரத்தாகலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

வீட்டு ஓனரே பஞ்சாயத்துத் தலைவர்

பிரச்னை சட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. குழுவை அமைப்பது யார்? நிர்வாகம். தலைவி யார்? அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கும் ஊழியர். வெளி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது? நிர்வாகம். அவருக்கு ஃபீஸ்? நிர்வாகம். பரிந்துரையை நிறைவேற்றுவது? அதுவும் நிர்வாகம்தான். வாடகைத் தகராறுக்கு வீட்டு ஓனரையே நாட்டாமையாகப் போட்ட மாதிரி.

ஜூனியர் பையன் மேல் புகார் வந்தால் இந்த ஏற்பாடு மளமளவென்று வேலை செய்யும். ஒரே வாரத்தில் ஆள் வெளியே. பிசினஸ் கொண்டுவருகிற ஆள் மேல், பெயர் வாங்கித் தருகிற ஆள் மேல், முதலாளிக்கு வேண்டிய ஆள் மேல் புகார் வரும்போதுதான் குழுவின் நிஜ முகம் தெரியும்.

2023-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது கல்லூரி, ஆனால் நிர்வாகம் நடந்துகொண்ட விதம் எல்லா ஆபீஸுக்கும் பொருந்தும். மாணவிகள் மத்தியில் மாதக்கணக்கில் பேச்சு இருந்தது. நிர்வாகம் அதை வதந்தி என்ற அளவில்தான் பார்த்தது. மார்ச் 30-ம் தேதி மாணவ, மாணவிகள் வளாகத்தில் உட்கார்ந்து போராட ஆரம்பித்தார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவி நேரில் வந்தார். ஏப்ரல் 3-ம் தேதி உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன், முன்னாள் டி.ஜி.பி லத்திகா சரண் ஆகியோர் கொண்ட சுதந்திரமான குழு வந்தது. உள்ளே இத்தனை நாள் அசையாமல் இருந்த விஷயம், கேமராக்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றதும் ஒரே வாரத்தில் இத்தனை தூரம் நகர்ந்தது.

சினிமாவில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அங்கே முதலாளி யார் என்பதே ஒவ்வொரு படத்துக்கும் மாறும். 2018-ல் பாடகி சின்மயி வெளிப்படையாகப் பேசினார். சில வாரங்களில் டப்பிங் யூனியனில் இருந்து நீக்கப்பட்டார். சொல்லப்பட்ட காரணம், சந்தா கட்டவில்லை. 2024 ஆகஸ்டில் கேரளாவில் ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானது. அதுவும் அரசாங்கத்திடம் 2019 டிசம்பரிலேயே கொடுக்கப்பட்டு, நாலரை வருஷம் அலமாரியில் தூங்கிய அறிக்கை. அது வந்த சூட்டில், செப்டம்பரில் நம் நடிகர் சங்கமும் தீர்மானம் போட்டது. குற்றம் நிரூபணமானால் 5 ஆண்டு தடை, பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி. நல்ல விஷயம். கூடவே, பாதிக்கப்பட்டவர்கள் நேராக மீடியாவில் பேசாமல் முதலில் கமிட்டியிடம் வர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கமிட்டியில் இருப்பவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. விசாரணையில் ரகசியம் காப்பது சட்டப்படியும் அவசியம். ஆனால் உள்ளே சொல்லி எதுவும் நடக்காமல் போனதால்தானே பெண்கள் வெளியே வந்து பேசினார்கள்? அந்த வரிசை மாறாமல், 'வெளியே பேசாதே' என்பது மட்டும் முதல் விதியாக வந்தால் எப்படி?

'நான் சும்மா ஃப்ரெண்ட்லியாத்தான்...'

விசாரணையில் அதிகம் வரும் டயலாக் இதுதான். இதற்கு 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது.

சென்னை ஐ.டி நிறுவனம் ஒன்றில் மேலதிகாரி ஒருவர் மேல் மூன்று பெண்கள் புகார் கொடுத்தார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒட்டி நிற்பது, தோளைத் தொடுவது, உடல் அளவு, மாதவிடாய் பற்றியெல்லாம் கேட்பது. வேலையை மேற்பார்வை செய்யத்தான் பின்னால் நின்றேன் என்பது அவருடைய வாதம். புகார் குழு அவருக்கு எதிராக முடிவெடுத்தது. அவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார், அது குழுவின் முடிவை ரத்து செய்தது. நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா குழுவின் முடிவே சரி என்றார். அவர் என்ன எண்ணத்தில் செய்தார் என்பதைவிட, அந்தச் செயலை அந்தப் பெண் எப்படி உணர்ந்தார் என்பதுதான் முக்கியம் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நிறுவனம் தன் குழுவின் முடிவுக்காக, அந்தப் பெண்கள் பக்கம் நின்று உயர் நீதிமன்றம் வரை போனது. இப்படியும் நடக்கும். நடக்கும்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும், 'பொய்ப் புகார் கொடுத்தா என்ன பண்றது?' நான் முதன்முதலில் உட்கார்ந்த போஷ் ட்ரெயினிங்கில், ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷம் இதற்கே போனது. கெட்ட எண்ணத்தோடு, தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அடுத்த வரியை ட்ரெயினர் படிக்கவில்லை. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகாராகக் கருதக் கூடாது. நிரூபிக்க முடியாதது வேறு, பொய் வேறு. அந்த ஒரு வரி விட்டுப்போனதில், அறையில் இருந்த பெண்கள் எடுத்துக்கொண்ட பாடம், 'ஆதாரம் இல்லாம வாயத் திறந்தா நமக்குத்தான் ஆப்பு'.

மூணு மாசம் போதுமா?

புகார் கொடுக்கக் கெடு, கடைசியாகச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அவ்வளவுதான்.

கொல்கத்தாவில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மேல் ஒரு பெண் பேராசிரியர் புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் கொடுத்தது டிசம்பர் கடைசியில். கெடு தாண்டிவிட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் கெடு தாண்டிய புகாரை விசாரிக்க முடியாது என்றுதான் சொன்னது. ஆனால் கூடவே ஒன்று செய்தது. இந்தத் தீர்ப்பு அந்தத் துணைவேந்தரின் ரெஸ்யூமேயில் இடம்பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. விசாரிக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனசில்லை. புகார் கொடுத்தவர் சட்டமே பாடம் நடத்தும் இடத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கே எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத, ப்ரொபேஷனில் இருக்கிற பெண் மூன்று மாதத்தில் முடிவெடுப்பாரா?

'அப்பவே ஏன் சொல்லல?' என்று கேட்கிறவர்கள் ஒருமுறை ஈ.எம்.ஐ தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லில் என்ன மாறியது?

நாம் போடுகிற டி-ஷர்ட், லெக்கின்ஸ் நிறைய தமிழ்நாட்டில் தைக்கப்படுபவை. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அவர் தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்ததாக அந்தப் பெண் ஏற்கெனவே சொல்லியிருந்தார் என்றார்கள் குடும்பத்தினரும் உடன் வேலை செய்தவர்களும். பிறகு இன்னும் பல பெண்கள், எங்களுக்கும் நடந்தது என்று பேச ஆரம்பித்தார்கள்.

சட்டம் அப்போதும் இருந்தது. 2013-லிருந்தே இருந்தது.

அங்கே அடுத்து நடந்ததுதான் வித்தியாசமானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு மட்டும் பேசி நிற்கவில்லை. துணி வாங்குகிற பிராண்டுகளையும் இழுத்தது. ஆசிய அளவிலான தொழிலாளர் கூட்டமைப்பும், அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலாளர் உரிமை அமைப்பும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச் ஆகிய பிராண்டுகள் அதில் கட்டுப்பட்டிருக்கின்றன. டாமி ஹில்ஃபிகர், கால்வின் க்ளெய்ன் பார்த்திருப்பீர்களே, அதெல்லாம் பி.வி.ஹெச்-சுடையது.

ஒப்பந்தத்தின் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால், பிராண்டுகள் அந்த நிறுவனத்துடனான பிசினஸில் கை வைக்க வேண்டும். மன்னிப்புக் கடிதம், கவுன்சலிங் எல்லாம் தாண்டி, ஆர்டரே போகும்.

தையல் தளத்தில் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். சுமார் 5,000 பேர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். வெளியிலிருந்து சுதந்திரமான ஆட்கள் விசாரிக்கலாம். பக்கத்து மெஷினில் இருக்கிற அக்காவிடம் சொன்னால் போதும், அவரே கொண்டுபோவார் என்ற நிலை. கெட்ட வார்த்தையில் திட்டுவது, டாய்லெட் போக விடாதது மாதிரி விஷயங்களையும் அவரிடம் சொல்லலாம். இந்த மாதிரிச் சின்ன அவமானங்களைப் பெண்கள் பொறுத்துக்கொள்கிற இடத்தில்தான் ஒரு சூப்பர்வைசருக்கு அடுத்த அடி வைக்கத் துணிச்சல் வருகிறது. புகாரைக் கடைசி நிமிஷம் வரை காத்திருந்து கொடுக்கும் பெரிய ஆயுதமாக வைக்காமல், தினசரி விஷயமாக மாற்றியதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரில் நீக்கியது. இடையில் ஆலை நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு ஒப்பந்தமும், பேச ஒரு யூனியனும் இருந்தது. பெண்களின் பாதுகாப்பும் ஏற்றுமதி லாபமும் ஒரே பக்கம் வந்து நின்றது இந்தத் துறையில் அபூர்வம்.

இதை ரொம்பக் கொண்டாடவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் உயிர் போய், உலகம் முழுக்கச் செய்தி ஆன பிறகு வந்த ஏற்பாடு இது. திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஹெச் அண்ட் எம் ஆர்டர் கிடையாது. உள்ளூர் ஜவுளிக் கடைக்கு எந்த அமெரிக்கக் கம்பெனியும் நெருக்கடி கொடுக்கப் போவதில்லை.

குழு அமைக்கவே மறந்தவர்கள்

2023 மே மாதம், கோவா பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொதித்துப்போனது. காரணம், 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16-ல் உள்ளகப் புகார் குழு ஒழுங்காக இல்லை என்று வந்த செய்தி. மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த சமயம் அது. சட்டம் வந்து 10 வருஷம் ஆகியும் இந்த நிலை.

2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் கறாராக, எல்லா மாவட்டங்களிலும் இதற்கான அதிகாரியை நியமிக்க வேண்டும், 2025 ஜனவரி 31-க்குள் உள்ளூர் குழுக்கள் அமைய வேண்டும் என்று தேதி போட்டுச் சொன்னது. இந்த உள்ளூர் குழு முக்கியம். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை, க்ளினிக், ஆடிட்டர் ஆபீஸ், வீட்டு வேலை, இவர்களெல்லாம் போக வேண்டிய இடம் அது. முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். நாட்டில் பெரும்பாலான பெண்கள் வேலை செய்வது இந்த மாதிரி இடங்களில்தான், ஆனால் நாம் பேசுவதெல்லாம் ஐ.டி பார்க் பற்றி. இந்தக் கட்டுரையிலும் அதே தப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

2025 ஜூலை 14-லிருந்து இன்னொரு மாற்றம். கம்பெனிகள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில், எத்தனை பாலியல் புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிலுவையில் இருக்கிறது என்று வெளியிட வேண்டும். இன்டர்வியூ போகும் முன் சம்பளம், வொர்க் ஃப்ரம் ஹோம் எல்லாம் தேடுகிறோம், இதையும் தேடிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் வருஷா வருஷம் 'பூஜ்யம்' என்று வந்தால், அந்த கம்பெனியைப் பற்றி எனக்கு நிம்மதி வராது. அங்கே எத்தனை கஃபேடீரியா மேஜைகள் இருக்கும் என்றுதான் தோன்றும்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில். மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, தன் வேலையின் பகுதியாக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். 1992 செப்டம்பரில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேலை செய்யப் போனதால் நேர்ந்தது, வேலை கொடுத்தது அரசு. அப்படியிருந்தும் பணியிடப் பாதுகாப்பு என்று எந்தச் சட்டமும் அப்போது இல்லை. 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில், 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. அது சட்டமாக மாற இன்னும் 16 வருஷம். இன்று ஏ.சி அறையில் பிபிடி ஓட்டிக் காட்டப்படும் ஒவ்வொரு ட்ரெயினிங்கும் அவரிடமிருந்துதான் வருகிறது. நான் உட்கார்ந்த ட்ரெயினிங்கில் அவர் பெயர் வரவில்லை.

சரி, நாளைக்கு உங்களுக்கு நடந்தால்?

முதல் சம்பவத்திலிருந்தே தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு மெயில் போட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயில் வேண்டாம். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். சாட்டை டெலிட் பண்ணாதீர்கள், பார்க்கவே அருவருப்பாக இருந்தாலும்.

ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொல்ல நேர்ந்தால், வெளியே வந்ததும் 'இன்று உங்களிடம் சொன்னது' என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பேசியது பதிவாகிவிடும். புகாரைக் குழுவுக்கே நேராக அனுப்பலாம், ஹெச்.ஆர் வழியாகப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அப்ரைசல் பற்றிய அந்த விதியைப் புகாரிலேயே கேட்டு எழுதுங்கள்.

உள்ளே நம்பிக்கை இல்லையென்றால், மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தில் பதியலாம். சின்ன இடத்தில் வேலை என்றால் மாவட்ட உள்ளூர் குழு. போலீஸுக்குப் போகிற உரிமை எப்போதும் உண்டு. குழுவில் புகார் நடக்கும்போதும் போகலாம், நீங்கள் கேட்டால் அதற்கு உதவி செய்வதும் நிர்வாகத்தின் கடமை. தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181.

இந்தச் சட்டம் புகார்தாரராகப் பெண்களை மட்டுமே பார்க்கிறது. ஆண்களுக்கும் நடக்கிறது. சில நிறுவனங்கள் தங்கள் பாலிசியில் எல்லாருக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. உங்கள் ஆபீஸில் எப்படி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுப்பது நீங்கள் இல்லை, பக்கத்து சீட் பெண் என்றால்? அவர் லஞ்சுக்குத் தனியாகப் போகும்படி விடாதீர்கள். என் தோழியிடம் ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன், ரேட்டிங் போனதுதான் பெரிய வலியா என்று. இல்லையாம். எழுதிக் கொடுக்காமலேயே விஷயம் எப்படியோ பரவி, ஃப்ளோரில் எல்லாரும் திடீரென்று பிசியாகிவிட்டார்களே, அதுதானாம்.

நாளை ஆபீஸுக்குள் நுழையும்போது நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். புகார் குழு அமைத்த உத்தரவு எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால், அதில் வெளி உறுப்பினர் பெயரைத் தேடி, நம்பர் இருந்தால் போனில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள். சில இடங்களில் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷமான மேடத்தின் பெயரே இன்னும் தலைவியாக இருக்கும்.